முதல் நாளே நிரப்பாதீர்கள்: பேரீச்சைத் தட்டில் நடக்கும் தவறுகள்

நோன்பு மாதம் நெருங்கினால் போதும், என் வாட்ஸ்அப்பில் வரிசையாகப் பேரீச்சம்பழப் படங்கள் வந்து விழும். கூடவே, "அக்கா, இது ஏன் இப்படி ஆச்சு?" என்ற கேள்வியும். தீபாவளிக்குப் பரிசுப் பெட்டி கட்டும் சமயத்திலும் இதே கதைதான். பேரீச்சையின் கொட்டையை எடுத்துவிட்டு உள்ளே பருப்பு, பனீர் என்று நிரப்புகிற ஸ்டஃப்டு டேட்ஸை வீட்டிலிருந்தே ஆர்டர் எடுத்துச் செய்கிறவள் நான். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் சறுக்குகிற இடமெல்லாம் எனக்குப் பழக்கமான இடம். அடுப்பே பற்றவைக்காமல் முடிகிற பண்டம் என்பதால் இதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள்.

கையைக் கழுவுங்கள், பூஞ்சை பிடித்ததைப் போடாதீர்கள் என்றெல்லாம் பாடம் எடுக்கப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

எந்தப் பழமும் ஆகும் என்ற நினைப்பு

கறுப்புப் பெட்டியில் வருகிற கிமியாவை யாருக்குத்தான் பிடிக்காது? ஈரானின் பாம் பக்கம் விளைகிற மஸாஃபதி ரகம் அது. வாயில் போட்டால் கரையும். கரைகிற பழம் இந்த வேலைக்கு ஆகாது. கத்தி பட்டதுமே தோல் கிழியும், சதை விரலோடு வரும், உள்ளே எதை வைத்தாலும் வாய் மூடாது. ஈரம் கூடுதலான பழம், அதனால்தான் ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்கிறார்கள். அதை அப்படியே சாப்பிடுங்கள்.

அஜ்வாவும் வேண்டாம். சின்னப் பழம், கொட்டையை எடுத்தால் ஒரு பாதாமுக்கே இடம் போதாது. மதீனாவிலிருந்து வந்த பழத்துக்குள் பீனட் பட்டர் திணிப்பதைப் பார்த்தால் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அது நியாயம்தான். நோன்பு திறக்கக் கையில் எடுக்கும் முதல் பழத்தையும் சும்மா விட்டுவிடுங்கள். நம் கைவரிசையெல்லாம் கஞ்சிக்குப் பிறகு வரட்டும்.

நிரப்புவதற்கென்றே பிறந்தது மெட்ஜூல். கொட்டை போக ஒன்று 24 கிராம் அளவில் இருக்கும். சதை தடிமன், கொட்டை இருந்த குழியும் பெரிது. கிலோ ஆயிரத்தைத் தாண்டுகிறதே என்று யோசித்தால் சஃபாவி வாங்கலாம். காரத்துக்கு என் ஓட்டு மப்ரூமுக்கு. நீளமாக இருக்கும், கொஞ்சம் இழுவை, இனிப்பும் ஒரு படி குறைவு. மிளகும் சீஸும் அதில் எடுபடுகிற மாதிரி மெட்ஜூலில் எடுபடுவதில்லை.

தர்மபுரிப் பக்கம் விளைகிற மஞ்சள் பர்ஹியைக் குலையோடு விற்கும்போது, "இதில் செய்யலாமா?" என்று கேட்பார்கள். மொறுமொறுவென்று கடிக்கிற பழம் அது. நறுக்கி உப்பு மிளகாய்த்தூள் தொட்டுச் சாப்பிடுங்கள், அவ்வளவுதான்.

கொட்டை நீக்கிய பாக்கெட்

நேரம் மிச்சம் என்று வாங்குகிறார்கள். மெஷினில் கொட்டையை ஒரு முனையில் குத்தி மறு முனை வழியாகத் தள்ளியிருப்பார்கள். ஆக, பழத்துக்கு இரண்டு பக்கமும் ஓட்டை. மேலே நிரப்பினால் கீழே வழியும். உடைந்த கொட்டைத் துண்டு உள்ளே தங்கியிருந்தால் விருந்தாளியின் பல்லுக்கு ஆபத்து.

அதைவிடப் பெரிய சங்கடம், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாமல் போவது. முழுப் பழத்தை வாங்கி, காம்புத் தொப்பியைக் கிள்ளிவிட்டு, கத்தி நுனி கொட்டையில் உரசும்வரை மட்டும் ஒரு பக்கமாக நீளக் கீறுங்கள். அடிப்பக்கம் அறுபடக்கூடாது. புத்தகம்போல் திறந்து கொட்டையை நெம்பி எடுத்ததும் வெளிச்சத்தில் ஒரு பார்வை பாருங்கள். வெள்ளையாக மெல்லிய சவ்வு இருந்தால் பயமில்லை, அது பழத்தினுடையது. மாவுபோல வெள்ளையாக ஒட்டியிருப்பதை விரலில் தேய்த்தால் பிசுபிசுத்துக் கரைகிறதா? சர்க்கரை பூத்திருக்கிறது, சாப்பிடலாம். கரிப்பொடி மாதிரி கறுப்பாக உதிர்ந்தால் பூஞ்சை. நூலும் துகளும் கிடந்தால் புழு இருந்த வீடு. இரண்டும் நேரே குப்பைக்கு. வெளித்தோல் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சரி, ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தே ஆகவேண்டும்.

ஊறவைப்பது

வேண்டாம். சுத்தம் செய்யாமல் மனசு கேட்காவிட்டால் கழுவி, துடைத்து, ஃபேனுக்கடியில் நன்றாக உலரவிடுங்கள்.

முதல் நாள் இரவே நிரப்பி வைப்பது

சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்கிறது. பணமும் உழைப்பும் ஒன்றாகப் போவது இந்தத் தவறில்தான். "காலையில் வேலை குறையுமே" என்ற நல்ல எண்ணத்தில் செய்வதால் திட்டவும் முடிவதில்லை.

என் நாத்தனார் மகள் அவர்கள் குடியிருப்பில் நடந்த இஃப்தார் விருந்துக்குக் காரப் பேரீச்சை செய்கிறேன் என்று ஏற்றுக்கொண்டாள். மெட்ஜூல் ஒரு கிலோ, பெரிய ரகமாகப் பார்த்து வாங்கியிருந்தாள். பனீரை உதிர்த்து, பச்சைமிளகாய், கொத்தமல்லி, பொடியாக நறுக்கிய வெங்காயம், உப்பு எல்லாம் போட்டுப் பிசைந்து, இரவே நிரப்பி, நெய்யில் வறுத்த முந்திரியை மேலே குத்தி, ஒவ்வொன்றையும் பேப்பர் கப்பில் உட்காரவைத்து, டப்பாவை இறுக மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டாள். மறுநாள் மதியம் போன் வந்தது.

"அத்தை, கொஞ்சம் வந்து பாருங்களேன்."

போய் மூடியைத் திறந்தேன். மூடியின் உள்பக்கமெல்லாம் நீர்த்துளி. பேப்பர் கப்பின் அடியில் பழுப்பாகப் பாகு தேங்கி, காகிதம் நைந்து பழத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பனீர் பழத்தைத் தொட்ட ஓரமெல்லாம் பழுப்பேறி, நடுவில் சுருங்கி ரப்பராகியிருந்தது. முந்திரியைக் கடித்தால் சத்தமே இல்லை. வெங்காய வாடை ஒவ்வொரு பழத்திலும் ஏறியிருந்தது.

"பனீர் சரியில்லை போல அத்தை."

பனீர் என்ன பாவம் செய்தது? 100 கிராம் மெட்ஜூலில் சர்க்கரை மட்டுமே 66 கிராம் அளவுக்கு இருக்கிறது, தண்ணீர் சுமார் 21 கிராம். பனீரிலோ பாதிக்கு மேல் தண்ணீர். இரண்டையும் ஒட்டி உட்காரவைத்தால் சர்க்கரை சும்மா இருக்குமா? பக்கத்தில் இருக்கிற ஈரத்தையெல்லாம் தன் பக்கம் இழுக்கும். பழம் ஊறிப் பாகு விடும், பனீர் வறண்டு போகும். இடையில் மாட்டிய முந்திரி இரண்டு பக்க ஈரத்தையும் குடித்து நமுத்துப் போகும். ஃப்ரிட்ஜ் இதை மெதுவாக்குமே தவிர நிறுத்தாது. போதாக்குறைக்கு உப்பு வேறு. வெங்காயம், கொத்தமல்லி, பனீர் மூன்றிலிருந்தும் அது தண்ணீரை வெளியே கொண்டுவந்துவிடும். நிரப்புவதற்குச் சற்றுமுன் உப்பைச் சேர்க்காமல் முதல் நாளே சேர்த்துப் பிசைந்தது, வேலையை அதற்கு இன்னும் சுலபமாக்கிக் கொடுத்தது.

என் எரிச்சல் என்னவென்றால், வீடியோக்களில் இதை யாரும் காட்டுவதில்லை. நிரப்பிய நிமிடமே படம் எடுத்து, "முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்ளலாம்" என்று கீழே எழுதிவிடுகிறார்கள். பன்னிரண்டு மணி நேரம் கழித்து அதே டப்பாவைத் திறந்து ஒரு படம் போடட்டுமே.

முதல் நாள் செய்யக்கூடியவை என்று மூன்று வேலை உண்டு. பழங்களைக் கீறி, கொட்டை எடுத்து, பார்த்து, மூடிய டப்பாவில் வைப்பது ஒன்று. பனீரைத் துணியில் கட்டிக் கனம் வைத்துப் பிழிந்து, உப்பில்லாமல் ஃப்ரிட்ஜில் வைப்பது இரண்டு. கெட்டித்தயிர் என்றால் இரவெல்லாம் தொங்கவிட வேண்டும். பருப்புகளை வறுத்து, நன்றாக ஆறிய பிறகு காற்றுப்புகாத டப்பாவில் போடுவது மூன்று. மறுநாள் விருந்துக்கு அரைமணி முன்னால் பனீரில் உப்பு, மிளகு, துருவிய எலுமிச்சைத் தோல் சேர்த்துப் பிசைந்து, கெட்டியான பிளாஸ்டிக் கவரின் மூலையை வெட்டி அதன் வழியாகப் பிதுக்கினால் ஒரு தட்டு நிரப்பப் பத்து நிமிடம்கூட ஆகாது. பச்சை வெங்காயத்தை மறந்துவிடுங்கள். முந்திரி கடைசியில்.

பாலில் செய்த எதை நிரப்பினாலும் வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. நம் ஊர் வெயிலில் 32 டிகிரிக்கு மேல் போகிற நாளில் 1 மணி நேரம்தான் கணக்கு.

இரவே நிரப்பித்தான் ஆகவேண்டும் என்றால் ஈரமில்லாததை நிரப்புங்கள். வறுத்த பாதாம், பிஸ்தா, பீனட் பட்டர், எள் விழுது எல்லாம் தாங்கும். பருப்பு விழுதில் ஈரம் மிகக் குறைவு, எண்ணெய்தான் அதிகம். அதனால் சர்க்கரை இழுக்க அங்கே ஒன்றும் இல்லை. காரத்துக்கு என் கைவசம் ஒன்று இருக்கிறது: வறுத்த முந்திரியை ஒன்றிரண்டாக உடைத்து, இட்லி மிளகாய்ப்பொடியும் சொட்டு நல்லெண்ணெயும் விட்டுப் பிசிறி, மப்ரூமுக்குள் அடைத்துவிடுவேன். மறுநாளும் காரம் குறையாது. கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு அதைத்தான் திரும்ப ஆர்டர் செய்வார்கள்.

இனிப்புக்குமேல் இனிப்பு

கண்டென்ஸ்டு மில்க், ஜாம், பால்கோவா, மேலே தேன். ஏன்? பழமே சர்க்கரைக்கட்டி. இனிப்பு வகையிலும் உள்ளே போகிற பொருள் எதிர்த்து நிற்க வேண்டும்: கசப்பாக, உப்பாக, புளிப்பாக, இல்லாவிட்டால் கடிக்க மொறுமொறுப்பாகவாவது. பீனட் பட்டர் வைத்தால் மேலே இரண்டு கல் உப்பு நொறுக்கிப் போடுங்கள். எள் விழுது தானே லேசாகக் கசக்கும், அதற்கு வேறெதுவும் வேண்டாம். கோவா வைத்தே தீருவேன் என்றால் சர்க்கரை போடாத கோவாவை எடுத்து, ஏலக்காயோடு ஆரஞ்சுத் தோலைக் கொஞ்சம் துருவிச் சேருங்கள். பாதாமை வறுக்காமல் வைப்பவர்கள் பாதாமை வீணாக்குகிறார்கள். மிதமான தீயில் நடுப்பகுதிவரை பொன்னிறமாகிற மாதிரி வறுத்தால்தான் பேரீச்சைக்குள்ளே அதன் ருசி தெரியும்.

சாக்லேட்டில் முக்குவது

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பழத்தை நேரே உருக்கிய சாக்லேட்டில் முக்காதீர்கள். பட்டதும் தடிமனாக இறுகும், பிறகு விரிசல் விடும். நம் ஊர் ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த பழத்தின்மேல் வேர்வையாகப் படிவது தனி வினை. அந்த ஈரத்தில் ஒரு சொட்டு பாத்திரத்துக்குள் போனாலே சாக்லேட் திரிதிரியாகக் கட்டிவிடும். அப்படிக் கட்டினால் கொட்டிவிட வேண்டாம், சூடான க்ரீம் விட்டுக் கலக்கி வேறெதற்காவது வைத்துக்கொள்ளலாம்.

அசல் சாக்லேட்டில் இருக்கும் கொக்கோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகும். மே மாதத்தில் நம் ஹாலே அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. ஏ.சி. இல்லாத வீட்டு விருந்துக்கு கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு சேர்த்த காம்பவுண்ட் சாக்லேட்டே புத்திசாலித்தனம். ருசி ஒரு மாற்றுக் குறைவுதான், ஆனால் விரலில் வழியாது.

ஏர்ஃப்ரையரை நம்பி விடுவது

சீஸ் வைத்த பழத்துக்கு 180 டிகிரியில் 4, 5 நிமிடம். பக்கத்திலேயே நில்லுங்கள், சீஸ் இளகியதும் எடுத்துவிடுங்கள். இந்தச் சர்க்கரை கருகிவிட்டால் நாக்கில் கசப்புதான் மிஞ்சும். மேல்நாட்டில் பேக்கன் சுற்றிச் சுடுகிறார்கள். அதைப் பார்த்து இங்கே பச்சைச் சிக்கன் கீற்றைச் சுற்றி உள்ளே தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். சிக்கன் உள்ளே 74 டிகிரியைத் தொடுவதற்குள் பழம் கருகத் தொடங்கியிருக்கும். கறியைத் தனியாக வேகவைத்து, உதிர்த்து, மிளகு போட்டு ஈரம் வற்றப் பிரட்டி உள்ளே வையுங்கள்.

எத்தனை?

ஆளுக்கு இரண்டு. மூன்றாவதை யாரும் முழுசாகத் தின்று நான் பார்த்ததில்லை.

"இயற்கை இனிப்புதானே, ஒன்றும் செய்யாது"

சர்க்கரை நோய் இருக்கிறவரிடம் இப்படிச் சொல்லித் தட்டை நீட்டாதீர்கள். ஒரு மெட்ஜூலில் 16 கிராம் சர்க்கரை, அதாவது நாலு டீஸ்பூன்.

உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல் விடுவது

வேர்க்கடலையும் முந்திரியும் ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு. மூடிய பழத்தில் அது வெளியே தெரியாது. தட்டில் ஒரு சீட்டு வையுங்கள்.

வீணாய்ப் போனதை என்ன செய்வது

பனீரோ தயிரோ வைத்து நேரம் தாண்டி வெளியே கிடந்தது என்றால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். கிழிந்தது, நசுங்கியது, ஊறவைத்துக் கெடுத்தது, மெதுவாகிப்போன பருப்பு வைத்தது எல்லாம் சட்னிக்கு ஆகும். பத்துப் பதினைந்து பழத்துக்கு நெல்லிக்காய் அளவு புளி, ஒன்றரை டம்ளர் தண்ணீர் விட்டுக் குழைய வேகவைத்து அரைத்து வடிகட்டுங்கள். வறுத்த சீரகப்பொடி, மிளகாய்த்தூள், உப்பு, ஒரு சிட்டிகை சுக்குப்பொடி போட்டு ஒரு கொதி விட்டால் வெல்லமே தேவைப்படாது. ஆறியதும் பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் வரும். சமோசாவுக்கும் தயிர்வடைக்கும் அருமையாக இருக்கும். நாத்தனார் மகள் இப்போது இதற்காகவே மலிவான பழம் தனியாக வாங்குகிறாள். மெட்ஜூலைச் சட்னி அரைக்கிறவளாக இருந்தவள், அந்த மட்டுக்கும் தேறிவிட்டாள்.