நீக்கப்பட்ட மனுவைச் சரிசெய்த கதை

அமெரிக்கச் சிறையில் இருக்கும் என் நண்பர், மருந்து மறுக்கப்பட்டதற்காக, மாநில அதிகாரிகள் உரிமையை மீறினால் வழக்குப் போட வழிதரும் 1983ஆம் சட்டப் பிரிவின்கீழ் தானே வழக்குப் போட்டிருக்கிறார். நடந்ததையெல்லாம் 'நீதிமன்றம் தானாகவே கவனத்தில் கொள்ள வேண்டும்' என்ற தலைப்பில் மனு மனுவாக அனுப்பினார். எல்லாமே கோப்பிலிருந்து நீக்கப்பட்டன.

அப்படிக் கவனத்தில் கொள்வதற்கான கூட்டாட்சிச் சாட்சிய விதி 201, யாரும் நியாயமாக மறுக்க முடியாத உண்மைகளுக்கு மட்டும்தான். எதிர்த்தரப்பு மறுக்கும் சம்பவத்துக்கு அது உதவாது.

சரி என்று, அதையே தேதிவாரியாக வாக்குமூலமாக எழுதச் சொன்னேன். 'பொய்யானால் தண்டனைக்கு உட்படுவேன், இவை உண்மை' என்ற வரி, தேதி, கையெழுத்து போதும், நோட்டரி வேண்டாம். சிறைக்குள் நோட்டரிக்காகக் காத்திருப்பது பெரும்பாடு! அப்புறம், சிறை நிர்வாகத்திடம் கொடுத்த குறைதீர் மனுக்களின் நகல்களைத் திருத்திய புகாருடன் இணைத்தார். சிறையின் குறைதீர் வழிகளை முடித்த பிறகே வழக்கு என்கிறது, கைதிகளின் வழக்குகளுக்கான 1996ஆம் ஆண்டுச் சட்டம். இந்த முறை எதுவும் நீக்கப்படவில்லை.