நானோகுழாயின் மேல் பிளாட்டினம்: எரிபொருள் மின்கல வினையூக்கி செய்முறை

ஹைட்ரஜன் எரிபொருள் மின்கலத்தில் பிளாட்டினத்தை 2 முதல் 3 நானோமீட்டர் துகள்களாக்கி, மின்சாரம் கடத்தும் கார்பன் தாங்கியின் மேல் பரப்பினால்தான் சிறிய எடைக்குப் பெரிய பரப்பு கிடைக்கும். வழக்கமான தாங்கியான கார்பன் பிளாக் (புகைக்கரி போன்ற நுண்தூள்), மின்கலத்தை இயக்கி நிறுத்தும் வேளைகளில் காற்றுமுனையின் மின்னழுத்தம் 1.5 வோல்ட் வரை ஏறும்போது, நீருடன் வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடாக அரிக்கப்பட்டுப் போகிறது. பலசுவர் நானோகுழாய் (ஒன்றனுள் ஒன்றாக அமைந்த நுண்ணிய கார்பன் குழாய்கள்) இந்த அரிப்பைக் கூடுதலாகத் தாங்கும். அதன் மேல் 20 சதவீதப் பிளாட்டினம் ஏற்றிய வினையூக்கியை 100 மில்லிகிராம் தயாரிப்போம்.

முதலில் அமிலப் பதம். குறையற்ற குழாய்ச்சுவரில் பிளாட்டினத்துக்குப் பிடிமானம் இல்லாததால், புகை உறிஞ்சும் பெட்டிக்குள், ஆவி குளிர்ந்து குடுவைக்கே திரும்பும்படி கண்டென்சர் பொருத்தி, அடர் நைட்ரிக் அமிலத்தில் 120 டிகிரி செல்சியஸில் குழாய்களைச் சுமார் 5 மணி நேரம் கொதிக்கவைத்தால், சுவரில் பிளாட்டினத்துக்குப் பிடிமானம் தரும் கார்பாக்சில் (COOH) தொகுதிகள் முளைக்கும். நேரத்தை நீட்டிவிட்டால் சுவர் கிழிந்து, எந்த அரிப்புக்கு அஞ்சி நானோகுழாயைத் தேர்ந்தோமோ அதே அரிப்புக்கு வழி திறந்துவிடும். என் கணிப்பில் இதுவே மிகுந்த நிதானம் வேண்டிய படி. வடிநீர் நடுநிலை அடையும்வரை கழுவி உலர்த்துக.

அடுத்து, 80 மில்லிகிராம் குழாய்களை 50 மில்லிலிட்டர் எத்திலீன் கிளைக்காலில் மீயொலியால் கலக்கி, 53 மில்லிகிராம் குளோரோபிளாட்டினிக் அமில ஹெக்சாஹைட்ரேட்டைச் சேர்க்கவும். இதில் 20 மில்லிகிராம் பிளாட்டினம் உள்ளது. சோடியம் ஹைட்ராக்சைடால் காரத்தன்மையை பிஎச் 11க்கு மேல் உயர்த்தி, 140 டிகிரியில் 3 மணி நேரம் வைக்கவும். கிளைக்கால் கரைப்பானாகவும், பிளாட்டினச் சேர்மத்தை உலோகமாக மாற்றும் ஒடுக்கியாகவும் வேலை செய்கிறது. காரச் சூழலில் கிளைக்காலிலிருந்து உருவாகும் கிளைக்கோலேட் அயனி துகள்களைச் சூழ்ந்து பெருக்கவிடாமல் தடுக்கிறது. குழாய்களின் கருமையில் நிறமாற்றம் தெரியாது, ஆகவே வெப்பமானியையும் கடிகாரத்தையும்தான் நம்பவேண்டும். ஆறியதும் நீர்த்த நைட்ரிக் அமிலத்தால் பிஎச் அளவை 4க்குக் கீழே இறக்கினால், மிதக்கும் துகள்கள் குழாயில் படியும். வடிநீர் சில்வர் நைட்ரேட்டுடன் வெண்மையாகக் கலங்காத நிலை வரும்வரை கழுவுக. எஞ்சும் குளோரைடு பிளாட்டினப் பரப்பை மறைத்துவிடும். பின்னர் வெற்றிட அடுப்பில் 80 டிகிரியில் உலர்த்தவும்.

உலர்ந்த தூளில் நேரடியாக ஆல்கஹாலை ஊற்றினால் தீப்பற்றும். முதலில் நீரால் நனைத்த பிறகே ஐசோபுரோப்பனாலையும் சிறிது நேஃபியான் (புரோட்டான் கடத்தும் பாலிமர்) கரைசலையும் சேர்த்து மை ஆக்கவும். மில்லிலிட்டருக்கு 2 மில்லிகிராம் வினையூக்கியுள்ள இந்த மையில் 10 மைக்ரோலிட்டரை 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடி போன்ற கார்பனாலான மின்முனையில் இட்டால், 4 மைக்ரோகிராம் பிளாட்டினம் படியும். நைட்ரஜன் செலுத்திய 0.1 மோலார் பெர்குளோரிக் அமிலத்தில் சுழல் மின்னழுத்த அளவீடு (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை அளப்பது) செய்து, பிளாட்டினப் பரப்பிலிருந்து ஹைட்ரஜன் நீங்கும் பகுதியின் மின்னூட்டத்தை, சதுர சென்டிமீட்டருக்கு 210 மைக்ரோகூலோம் என்ற அளவால் வகுக்கவும். 504 மைக்ரோகூலோம் வந்தால் பிளாட்டினப் பரப்பு 2.4 சதுர சென்டிமீட்டர், அதாவது பிளாட்டினம் கிராமுக்கு 60 சதுர மீட்டர். இதைவிட மிகக் குறைந்தால், துகள்கள் திரண்டுவிட்டனவா, குளோரைடு எஞ்சியுள்ளதா என்று முதலில் பாருங்கள்.