ஈ.கோலையில் டீசல்: சொதப்புவது இரண்டாவது நொதிதான்

ஐஜெம் என்ற பன்னாட்டுச் செயற்கை உயிரியல் போட்டியில் 2011-ல் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர் அணி முதல் பரிசு வாங்கிய வேலையில் ஒரு பாதி ‘பெட்ரோபிரிக்’. ஈ.கோலை பாக்டீரியாவை டீசல் செய்யவைக்கும் டி.என்.ஏ. துண்டு அது. ஐஜெமின் மரபணுத் துண்டுப் பதிவேட்டில் அதன் எண் கே590025. உள்ளே இருப்பவை நீலப்பச்சைப்பாசியின் இரண்டு மரபணுக்கள். முதல் நொதி ஏ.ஏ.ஆர்., செல் கட்டிக்கொண்டிருக்கும் 16 கார்பன் கொழுப்புச் சங்கிலியை ஆல்டிஹைடாக்கும். இரண்டாவது நொதி ஏ.டி.சி., அதில் ஒரு கார்பனைக் கழற்றிவிட்டால் பென்டாடெக்கேன். டீசலிலேயே இருக்கும் சரக்குதான்.

ஏ.ஏ.ஆர். பெரும்பாலும் தொந்தரவு தராது. ஏ.டி.சி. மகா சோம்பேறி, ஆக்சிஜனும் இரும்பும் இல்லாமல் அசையாது. கீழே வரும் ஏற்பாடெல்லாம் அதற்காகத்தான்.

இந்த மரபணுக்களைச் சுமக்கும் வட்ட டி.என்.ஏ.வான பிளாஸ்மிடை ஈ.கோலைக்குள் ஏற்றுவது வழக்கமான வேலை: பனிக்கட்டியில் 30 நிமிடம், 42 டிகிரியில் 45 நொடி, எஸ்.ஓ.சி. என்ற சத்து ஊடகத்தில் 1 மணி நேரம், பிறகு மி.லி.க்கு 25 மைக்ரோகிராம் குளோராம்பெனிகால் ஆன்டிபயாடிக் போட்ட தட்டு (பிளாஸ்மிட் ஏறிய செல் மட்டுமே அதில் வளரும்). மரபணுவை இயக்கும் சுவிட்சான புரோமோட்டர் ஓயாமல் ஓடுவதால் செல்லுக்குச் சுமை. மரபணுவைக் கெடுத்துக்கொண்ட செல்கள் வேகமாக வளர்ந்து மற்றவற்றை முந்திவிடும். ஃப்ரிட்ஜில் மாதக்கணக்கில் கிடந்த தட்டிலிருந்து எடுக்காதீர்கள். புதுக் காலனி, அல்லது மைனஸ் 80 டிகிரி கிளிசரால் ஸ்டாக். கூடவே வெறும் பிளாஸ்மிட் ஒன்று, ஏ.ஏ.ஆர். மட்டும் உள்ளது ஒன்று என ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு கன்ட்ரோல்களையும் வளர்க்க வேண்டும்.

எரிபொருளுக்கு எல்.பி. என்ற வழக்கமான சத்து ஊடகம் வேண்டாம், உப்புகளும் சர்க்கரையும் மட்டும் கொண்ட எளிய எம்9 ஊடகம். 1 லிட்டருக்கு: நீரற்ற டைசோடியம் பாஸ்பேட் 6 கிராம், பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 3 கிராம், உப்பு 0.5 கிராம், அமோனியம் குளோரைடு 1 கிராம். புட்டியின் லேபிளைப் பாருங்கள். ஹெப்டாஹைட்ரேட் என்றிருந்தால் 6 அல்ல, 11.3 கிராம். ஆட்டோகிளேவ் செய்து ஆறவைத்த பிறகே 1 மோலார் மெக்னீசியம் சல்பேட் 2 மி.லி., 1 மோலார் கால்சியம் குளோரைடு 0.1 மி.லி. சூட்டோடு ஊற்றினால் வெள்ளையாகத் திரிந்துவிடும். குளுக்கோஸை (40% கரைசல் 75 மி.லி.) தனியாக வடிகட்டிச் சேருங்கள், சேர்த்து வேகவைத்தால் பழுப்பாகிவிடும். தயமின் 1 மி.கி. ஃபெரிக் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் 27 மி.கி., அதுவும் சிட்ரேட்டோடு கரைத்து. இல்லாவிட்டால் பாஸ்பேட் இரும்பைப் பிடித்துக்கொண்டு அடியில் உட்காரும். இவ்வளவு சர்க்கரையில் செல்கள் அசிட்டேட் கக்கி ஊடகத்தைப் புளிக்கவைக்கும். அதற்கு, பி.எச்.சை மாறாமல் பிடித்துவைக்கும் பிஸ்-டிரிஸ் பஃபர் 200 மில்லிமோலார், பி.எச். 7.25.

இரவு முழுக்க எல்.பி.யில் வளர்த்த செல்களை ஒருமுறை எம்9-ல் கழுவி, 250 மி.லி. குடுவையில் 25 மி.லி.க்கு மேல் போகாமல் ஊற்றுங்கள். குளோராம்பெனிகாலை இங்கேயும் மறக்க வேண்டாம். பஞ்சு அடைப்பு போதும், மூடியை இறுக்காதீர்கள். 37 டிகிரி, 200 ஆர்.பி.எம்., 48 மணி நேரம்.

பிரித்தெடுக்க, செல்லோடு சேர்த்து 1 மி.லி. வளர்ப்பும் 1 மி.லி. எத்தில் அசிட்டேட்டும். கண்ணாடிக் குழாய்தான், பிளாஸ்டிக்கிலிருந்து கரைந்து வரும் தாலேட், ஜி.சி.–எம்.எஸ். (சேர்மங்களைப் பிரித்து நிறை காட்டும் கருவி) வரைபடத்தில் பெரிய முகடாக நின்று ஏமாற்றும். எத்தில் அசிட்டேட்டில் முன்கூட்டியே லிட்டருக்கு 20 மி.கி. ஹெக்ஸாடெக்கேனை (16 கார்பன் அல்கேன்) ஒப்பீட்டு அளவுகோலாகக் கலந்துவையுங்கள். இந்தச் செல்கள் ஒற்றைப்படைக் கார்பன் அல்கேனையே செய்யும், ஆகவே 16 கார்பன் அளவுகோல் குழப்பாது. வோர்டெக்ஸ் கருவியில் நன்றாகக் குலுக்கி, சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றி, மேலடுக்கை மட்டும் ஜி.சி.–எம்.எஸ்.-க்கு எடுங்கள். செறிவாக்குகிறேன் என்று நைட்ரஜனில் முழுக்க உலர்த்தினால் பென்டாடெக்கேனும் கூடவே பறந்துவிடும்.

பென்டாடெக்கேன் 57, 71, 85 என்ற நிறைகொண்ட துண்டுகளோடு 212-ல் மூலக்கூறு அயனி காட்டும். பின்னால் 238-ல் ஹெப்டாடெக்கீன் வரலாம். இரண்டும் இல்லாமல் ஹெக்ஸாடெக்கனால் (16 கார்பன் ஆல்கஹால்) மட்டும் நிமிர்ந்து நின்றால் ஏ.ஏ.ஆர். வேலை செய்கிறது, ஏ.டி.சி. படுத்துவிட்டது என்று பொருள். தேங்கிய ஆல்டிஹைடை ஈ.கோலையின் சொந்த நொதிகளே ஆல்கஹாலாக்கிவிட்டன. காற்றையும் இரும்பையும் சரிபாருங்கள். ஆல்கஹாலும் இல்லையென்றால் பிளாஸ்மிடின் டி.என்.ஏ. வரிசையைப் படித்துப் பார்க்க வேண்டும்.

இதே பாதையை 2010-ல் முதலில் வெளியிட்ட எல்.எஸ்.9 நிறுவனத்தார் எடுத்ததே லிட்டருக்கு 300 மி.கி.க்குச் சற்று மேல். 30 கிராம் சர்க்கரைக்கு அவ்வளவுதான். பைக் ஓட்டும் கனவு வேண்டாம். முகட்டின் உயரத்தை வைத்து அளவு சொல்லாமல், வாங்கிய பென்டாடெக்கேனில் ஐந்து செறிவுகள் ஓட்டிக் கோடு போட்ட பிறகே எண்ணை எழுதுங்கள்.

கரைப்பான் படாத மிச்ச வளர்ப்பை 121 டிகிரியில் 20 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்துவிட்டு ஊற்றலாம். எத்தில் அசிட்டேட் பட்டது எதுவும் ஆட்டோகிளேவுக்குள் போகக் கூடாது, தீப்பிடிக்கும். அதற்கு ஃப்யூம் ஹுட்டில் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டி) தனிக் கழிவுப் புட்டி.