பத்து கிலோமீட்டருக்கு முன் பதினான்கு நாள்

பந்தயத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எங்கள் ஓட்டக் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு காய்ச்சல் தொடங்கும். ஒருவர் புது ஷூவின் படத்தைப் போடுவார். இன்னொருவர் விடியற்காலையில் ஓடிய பதினாறு கிலோமீட்டரின் வரைபடத்தைப் போடுவார். அதைப் பார்த்துத் தூக்கம் கெட்ட மூன்றாமவர் மறுநாள் பதினெட்டு ஓடிவிட்டு வந்து நிற்பார். எனக்குத் தொழில் கணக்கு எழுதுவது. அதனால் குழுவில் எல்லாருடைய நேரங்களையும் ஒரு நோட்டில் குறித்து வைக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. பத்து ஆண்டு நோட்டைப் புரட்டினால், பயிற்சி போதாமல் கோட்டை விட்டவர்கள் எங்கள் குழுவில் குறைவு. ஆசை மிஞ்சிக் கோட்டை விட்டவர்கள்தான் அதிகம். அதில் என் பெயரும் இருக்கிறது, அந்தக் கதை பின்னால் வரும்.

நான் சொல்லப்போவது உள்ளூரில் நடக்கும் பத்து கிலோமீட்டர் சாலைப் பந்தயத்துக்கு, ஏற்கெனவே வாரத்தில் மூன்று நான்கு நாள் ஓடிக்கொண்டிருப்பவர்களுக்கு. இப்போதுதான் ஓட ஆரம்பித்தவர் என்றால் நேரக் கணக்கை எல்லாம் விட்டுவிட்டு, முடித்தால் போதும் என்று ஓடுங்கள்.

முதல் வேலை, ஓட்டத்தைக் குறைப்பது. இன்று உயிரைக் கொடுத்து ஓடினால் அதன் களைப்பு நாளைக்கே வந்துவிடும். பலன் உடம்பில் சேர ஏறத்தாழ பத்து நாளாவது ஆகும். ஆகவே கடைசி வாரத்தில் அடிக்கும் கடும் பயிற்சி பந்தயத்துக்குப் பயன்படாது, களைப்பு மட்டும் கூடவே வரும். வாரம் 40 கிலோமீட்டர் ஓடுபவர் முதல் வாரத்தில் 30க்கும், கடைசி வாரத்தில் பந்தயத்தைச் சேர்க்காமல் 20க்கும் இறங்கினால் சரியாக இருக்கும். தூரத்தைத்தான் குறைக்க வேண்டும், வேகத்தை அறவே விட்டுவிடக் கூடாது. பத்து நாள் இருக்கும்போது பந்தய வேகத்தில் நான்கு முறை ஒரு கிலோமீட்டர், இடையில் ஒன்றரை நிமிடம் மெல்ல நடை. நான்கு நாள் இருக்கும்போது அதே வேகத்தில் ஐந்து முறை 400 மீட்டர். முடித்ததும் ‘இன்னும் ஒன்று ஓடலாமே’ என்று தோன்றும். தோன்றினால் எல்லாம் ஒழுங்காகப் போகிறது என்று அர்த்தம், வீட்டுக்குக் கிளம்பிவிடுங்கள்.

இங்கேதான் குழு நம் காலை வாரும். தனியாக ஓடுபவருக்கு இந்த ஆபத்து குறைவு. நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து மெதுவோட்டம் என்று கிளம்புவோம். பக்கத்தில் ஓடுபவரின் தோள் அரை அடி முன்னால் தெரியும், அதை எட்டிப் பிடிப்போம், அவர் மறுபடி அரை அடி போவார். நாலாவது கிலோமீட்டரில் யாருக்கும் பேச்சு வராது. எங்கள் குழுவில் இப்போது ஒரு விதி உண்டு. கடைசி இரண்டு வாரம் மெதுவோட்டத்தில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே ஓட வேண்டும், பேச முடியாத வேகத்துக்குப் போகிறவர் பின்னால் வந்துவிட வேண்டும். ‘அண்ணே, கடைசி ஒரு கிலோமீட்டர் மட்டும் கொஞ்சம் விட்டுப் பார்க்கலாமா’ என்று ஒரு தம்பி வருடா வருடம் கேட்பான். ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க மாட்டாயா என்று நானும் வருடா வருடம் அதையே சொல்வேன். இன்னொன்று, ஓட்டம் குறைந்த நாள்களில் இல்லாத வலியெல்லாம் வரும். முழங்காலில் ஏதோ, குதிகாலில் ஏதோ. ஓடும்போது வளராமல் அப்படியே மறைகிற வலியைப் பொருட்படுத்த வேண்டாம். ஓட ஓட வளர்கிற வலி வேறு, அதற்கு நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

அடுத்தது, எந்த வேகத்தில் ஓடுவது என்ற கணக்கு. ஆசையில் ஒரு எண்ணைச் சொல்வதைவிடச் சமீபத்தில் ஓடிய ஒரு பந்தயத்திலிருந்து கணக்குப் போடுவது நல்லது. பீட்டர் ரீகல் என்பவர் 1977இல் வெளியிட்ட எளிய சூத்திரம் ஒன்றை ஓட்டக்காரர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். தூரம் எத்தனை மடங்கு கூடுகிறதோ அதன் 1.06 அடுக்கைப் பழைய நேரத்தோடு பெருக்க வேண்டும். தூரம் இரட்டிப்பானால் பெருக்க வேண்டிய எண் ஏறத்தாழ 2.085. ஐந்து கிலோமீட்டரை 25 நிமிடத்தில் முடித்தவருக்குப் பத்து கிலோமீட்டர் 52 நிமிடத்தை ஒட்டி வரும். அதாவது கிலோமீட்டருக்கு 5:12, ஐந்து நிமிடம் பன்னிரண்டு விநாடி. வெயில் கடுமையாக இருந்தாலோ மேடு அதிகம் என்றாலோ இந்த நேரம் கூடும், அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

பந்தயம் உள்ளூரிலேயே நடப்பதில் நமக்குக் கிடைக்கும் பெரிய வரம், பாதையை முன்பே ஓடிப் பார்க்கலாம் என்பது. பத்து நாள் முன்பு பாதியையாவது மெதுவாக ஓடிப் பாருங்கள். மேடு எங்கே தொடங்குகிறது, அதைவிட முக்கியமாக எங்கே முடிகிறது, கடைசித் திருப்பத்திலிருந்து முடிவுக் கோடு எவ்வளவு தூரம், எந்த இடத்தில் எதிர்காற்று. எந்தக் கம்பத்தைத் தாண்டியதும் விட்டு ஓடலாம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பாதையை அளக்கும் முறையையும் தெரிந்துகொள்வது உதவும். முறையாகச் சான்று பெற்ற பாதையை சைக்கிளின் முன்சக்கரத்தில் ஜோன்ஸ் கவுண்டர் என்ற கருவியைப் பொருத்தி அளக்கிறார்கள். ஓடக்கூடிய மிகக் குறுகிய வழியில், திருப்பங்களில் சாலையின் உள்விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி சைக்கிளை ஓட்டுவார்கள். பாதை குறைந்துவிடக் கூடாது என்பதற்காகக் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூடுதலாகச் சேர்ப்பார்கள். நாமோ கூட்டத்தில் வளைந்து நெளிந்து, திருப்பங்களில் வெளிப்பக்கமாகச் சுற்றி வருகிறோம், தூரம் அளக்கும் ஜிபிஎஸ் வாட்ச்சும் தன் பங்குக்குக் கொஞ்சம் கூட்டும். முடிவுக் கோட்டில் வாட்ச் 10.12 என்று காட்டுவது சாதாரணம். 5:12 வேகத்தில் அந்த 120 மீட்டருக்கு 37 விநாடி. ‘பாதையை நீட்டிவிட்டார்கள்’ என்று வருடா வருடம் குழுவில் ஒருவர் சண்டைக்கு நிற்பார். வாட்ச் காட்டும் வேகத்தை நம்பாமல், சாலையோரக் கிலோமீட்டர் பலகையைத் தாண்டும்போது ஆன மொத்த நேரத்தைப் பாருங்கள். 52 நிமிடம் என்றால் ஐந்தாவது பலகையில் 26 நிமிடம். திருப்பங்களில், வேறு யார் வழியையும் மறிக்காமல், உள்பக்கமாக நேர்கோட்டில் வெட்டிப் போங்கள்.

முதல் நாள் இரவு சாமான்களை எடுத்து வையுங்கள். மார்பு எண்ணை நான்கு ஊக்குகளால் பனியனில் அப்போதே குத்திவிடலாம். அதன் பின்பக்கம் அவசரத்துக்கு அழைக்க வேண்டியவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதுங்கள். உங்கள் மார்பு எண்ணை வேறொருவருக்குக் கொடுத்து ஓட வைக்கவும் வேண்டாம், அவர் மயங்கி விழுந்தால் மருத்துவக் குழு உங்கள் விவரத்தைத்தான் பார்க்கும். குழுவின் புது பனியனை அன்றைக்கு முதல்முறையாகப் போடாதீர்கள். அக்குளிலும் மார்புக் காம்பிலும் அது செய்யும் வேலை குளிக்கும்போதுதான் தெரியும். உரசும் இடங்களில் வாசலின், காம்பில் பிளாஸ்டர். ஷூவும் அப்படித்தான், குறைந்தது முப்பது கிலோமீட்டராவது பழகியதாக இருக்கட்டும். சாப்பாட்டில் புதிதாக எதுவும் வேண்டாம். ஒரு மணி நேர ஓட்டத்துக்கு உடம்பில் இருக்கும் சக்தியே போதும், ஓட்டத்தின் நடுவே சக்திக்காகச் சாப்பிடும் ஜெல் தேவையில்லை. தூக்கம் வராவிட்டால் கவலைப்படாதீர்கள், அதற்கு முந்தைய இரவு தூங்கியிருந்தால் போதும்.

காலையில் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேருங்கள். அதில் பாதி கழிவறை வரிசைக்குப் போய்விடும். அப்புறம் பத்து நிமிடம் மெதுவோட்டம், நான்கு முறை இருபது விநாடி வேகமாக ஓடித் தளர்வது. ஷூ நாடாவை இரட்டை முடிச்சுப் போடுங்கள். கோட்டில் உங்கள் வேகத்துக்கு ஏற்ற இடத்தில் நில்லுங்கள். முன்வரிசையில் நின்றால் போட்டோவில் வரலாம், ஆனால் பின்னால் வருபவர்கள் உங்களைச் சுற்றிப் போக வேண்டியிருக்கும். ஓடுபவரின் நேரத்தைப் பதிவுசெய்யும் சிப் இருந்தால் உங்கள் நேரம் கோட்டைத் தாண்டும்போதுதான் தொடங்கும், முண்டியடிக்கத் தேவையே இல்லை. பரிசுக்கு ஓடுபவர்கள் மட்டும் துப்பாக்கி வெடித்த நேரத்தைப் பற்றிக் கவலைப்படட்டும்.

இப்போது அந்தக் கதை. ஒரு வருடம் 52 நிமிடம் என்று முடிவு செய்து நின்றேன். குழுவில் என்னைவிட வேகமான இருவர் பக்கத்தில் நின்றார்கள், அவர்களோடு கிளம்பினேன். முதல் கிலோமீட்டர் 4:35. காற்றில் மிதப்பது போல இருந்தது. 37 விநாடி சேமித்துவிட்டேன் என்று மனக்கணக்கு வேறு. ஆறாவது கிலோமீட்டரில் வீட்டார் நிற்கும் தெருமுனை. அங்கே கையசைத்துக்கொண்டு இன்னொரு முறை வேகம் காட்டினேன். திருப்பத்தில் அவர்கள் கண்ணுக்கு மறைந்ததும் கால் மரக்கட்டையாகிவிட்டது. எட்டும் ஒன்பதும் 5:50, 5:50. நான் பயிற்சி கொடுத்த ஒரு பெண் ‘வாங்க சார்’ என்று அன்போடு சொல்லிவிட்டுத் தாண்டிப் போனாள். முடித்தது 53:50.

உற்சாகத்தில் கிளம்பும்போது 4:35கூட மெதுவாகத்தான் தெரியும், உடம்பு அப்போது பொய் சொல்கிறது. அதனால் முதல் கிலோமீட்டரை இலக்கைவிட ஐந்து விநாடி மெதுவாகவே ஓடுங்கள். நூறு பேர் தாண்டிப் போவார்கள், போகட்டும். கென்ய ஓட்டக்காரர் எலியுட் கிப்சோகே 2018இல் பெர்லினில் 2:01:39 என்று மாரத்தான் உலக சாதனை படைத்தபோது முதல் பாதியைவிட இரண்டாம் பாதியை அரை நிமிடம் வேகமாக ஓடினார், 61:06, பிறகு 60:33. மூன்றாவது கிலோமீட்டரிலிருந்து ஏழாவது வரை இலக்கு வேகத்தைப் பிடித்து ஓடுங்கள். மேட்டில் வேகத்தைப் பார்க்காமல் மூச்சைப் பாருங்கள். ஏழில் தொடங்கும் வலிக்கு நான் கண்ட வழி, முன்னால் போகும் ஒரு முதுகைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் பிடிப்பது. ஒரே வேகக்காரர்கள் இருவர் சேர்ந்து ஓடினால் இன்னும் நல்லது. எட்டு வரை ஒருவரை ஒருவர் முந்துவதில்லை, அதன் பிறகு உறவு கிடையாது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். மூன்று பேராகச் சாலையை அடைத்து ஓடாதீர்கள். தண்ணீர் மேசையில் காகிதக் கோப்பையின் வாயைப் பிதுக்கிக் குடித்தால் மூக்கில் ஏறாது.

முடிவுக் கோட்டில் நின்றுவிடாமல் பத்து நிமிடம் நடங்கள். பிறகு பாதையில் ஒன்பதாவது பலகை வரை திரும்பி நடந்து, இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் குழுவினருக்குக் கைதட்டுங்கள். எங்கள் குழுவில் கடைசி ஆள் கோட்டைத் தாண்டும்வரை யாரும் தன் நேரத்தை வாட்ஸ்அப்பில் போடக் கூடாது. போன வருடம் அதற்கு ஒரு மணி இருபத்தாறு நிமிடம் ஆனது, அந்த அக்காவின் நேரத்தைத்தான் நோட்டில் முதலில் எழுதினேன்.