கிங்ஸ்லி தோட்டத்துச் சிப்பிச் சுவர்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் புளோரிடா கரையில், ஜாக்சன்வில்லை ஒட்டிய ஃபோர்ட் ஜார்ஜ் தீவில் ஒரு காலத்தில் பருத்தி விளைந்த கிங்ஸ்லி தோட்டம் இருக்கிறது. வருபவர்கள் நேரே முதலாளியின் பெரிய வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். முதல் தவறு அதுதான். அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள் வாழ்ந்த 32 வீடுகள் அரைவட்டமாக நின்றன. அவற்றில் 25 வீடுகளின் எச்சங்களை இன்றும் காணலாம். அங்கிருந்து தொடங்குங்கள்.

சுவர்கள் 'டாபி' எனப்படும் கலவையால் ஆனவை. சிப்பியைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு, மணல், சிப்பி ஓடு மூன்றையும் சம அளவில் எடுத்து, தண்ணீர் விட்டுக் குழைத்து, பலகை அச்சுக்குள் ஏறக்குறைய ஓரடி உயரத்துக்குக் கொட்டி இடித்து இறுக்குவார்கள். இறுகியதும் பலகையை மேலே ஏற்றி அடுத்த அடுக்கு. சுவரில் தெரியும் கிடைக்கோடுகள் அந்த அடுக்குகளின் மூட்டுகள்.

இந்தச் சுவரின் விரிசலைச் சிமென்ட் வைத்து அடைப்பதுதான் பெருங்கேடு. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுக்கும், வெளியே விடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடும். ஈரம் உள்ளேயே தங்க, கடற்காற்றின் உப்பு பின்னால் படிகமாகிச் சுவரைத் தள்ளும். கடைசியில் சிமென்ட் பெயரும்போது பழைய சிப்பி முகப்பும் கூடவே பெயர்ந்து வரும். உப்புப் போகக் கழுவிய மணலோடு, பழைய சுவரைவிட மென்மையான சுண்ணாம்புக் கலவையையே பூச வேண்டும். முதலில் கையளவு இடத்தில் பூசிப் பாருங்கள். சுவரில் முளைத்த செடியையும் பிடுங்காதீர்கள். வேரோடு சுவரும் வரும். அடியில் வெட்டிவிட்டுக் காய விடுங்கள்.

சிப்பியின் வயதைச் சுவரின் வயதாக எடுத்துக்கொள்வது இன்னொரு பிழை. பூர்வகுடிகள் தின்று குவித்த பழைய சிப்பி மேடுகளிலிருந்தும் சுவர் கட்டியவர்கள் ஓடுகளை அள்ளினார்கள். ஓட்டிலுள்ள கரிமத்தை அளந்து வயதறியும் கரிமக் கணிப்பு அந்த மேட்டின் காலத்தைத்தான் சொல்லும். பக்கத்து ஜார்ஜியா மாநிலக் கரையில் 19-ஆம் நூற்றாண்டுச் சர்க்கரை ஆலைச் சுவர்களையே, அதற்கு முந்தைய ஸ்பானியப் பாதிரிமார்களின் மிஷன் இடிபாடுகள் என்று நம்பியிருந்தார்கள். 1930-களின் ஆய்வுதான் அதைத் திருத்தியது. அஸ்திவாரக் குழியில் கிடைக்கும் பீங்கான் ஓடும் ஆணியும் நம்பகமான சாட்சிகள்.

அகழாய்வில் தோண்டிய மண்ணை 6 மி.மீ. கண்ணுள்ள சல்லடையில் மட்டும் சலித்தால் கண்ணாடிப் பாசிமணியும் மீன்முள்ளும் ஓடிவிடும், 3 மி.மீ. வேண்டும். எலும்பு கண்டதும் சமையல் கழிவென்று பையில் போட்டுவிடவும் கூடாது. இங்கே ஒரு வீட்டின் தரைக்கடியில் முழுக்கோழி ஒன்று புதைக்கப்பட்டிருந்தது. எலும்புகள் உடலின் வரிசையிலேயே கிடந்ததால்தான் அது சடங்கு என்று தெரிந்தது. எதையும் எடுக்கும் முன் கிடந்தபடியே வரைந்து, ஆழம் அளந்து, படம் எடுங்கள்.