தீபாவளிக்குச் சரக்கா, ரொக்கமா?

தீபாவளிக்குக் கடைச் சரக்கை அப்படியே ஆதரவற்றோர் இல்லத்துக்குத் தூக்கிக் கொடுக்காதீர்கள். அதே தொகையைப் பணமாகக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி எஸ்டேட் டவுன்களில் மளிகைக் கடை வைத்திருப்பவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

1967 வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவு வரிக் கழிவு (வரி போடுமுன் வருமானத்தில் கழித்துக்கொள்வது) தருவது பண நன்கொடைக்கு மட்டும். பத்து மூட்டை அரிசி, இரண்டு பெட்டி மைலோ என்று வேனில் ஏற்றி அனுப்பினால் புண்ணியம் உண்டு, வியாபாரிகள் நிரப்பும் வருமான வரிப் பாரம் பி-யில் நன்கொடைக் கட்டத்தில் எழுத ஒன்றுமில்லை. பணமாகக் கொடுத்தால் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழியும்: 80,000 ரிங்கிட் வருமானத்துக்கு உச்சம் 8,000. ரசீதில் வரி வாரியத்தின் அங்கீகார எண் அச்சாகியிருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். அதை 7 ஆண்டு பத்திரமாக வையுங்கள்.

எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. அங்கீகாரம் இல்லாத தோட்டக் கோயில் கமிட்டிக்குப் பணமாகக் கொடுத்தாலும் கழிவு இல்லை. அங்கே தாராளமாகச் சரக்கே கொடுக்கலாம். அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டு நிகழ்வு, தேசிய நலத் திட்டம் இரண்டுக்கும் பொருளாகக் கொடுத்தாலும் அதன் அடக்கவிலை கழிவுக்கு வரும். வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லையென்றால் ரசீதால் லாபமில்லை. இன்னொன்று, ‘இந்தப் பணத்துக்கு என் கடையில்தான் வாங்கவேண்டும்’ என்று நிபந்தனை போடாதீர்கள். அப்புறம் அது நன்கொடையா வியாபாரமா என்று கேள்வி வரும்.