தெம்பனிஸை ‘டாம்பைன்ஸ்’ ஆக்க வேண்டாம்: சிங்கப்பூர் இடப்பெயர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வேலைக்கு வருபவர்கள் பலர் முதல் ஞாயிற்றுக்கிழமையே ஒரு தவறு செய்வார்கள். “சிராங்கூன் ரோட்டுக்கு வந்துவிடு, வீரமாகாளியம்மன் கோயில் வாசலில் நிற்கிறேன்” என்று நண்பர் சொல்லியிருப்பார். இவர் எம்ஆர்டி (நகர ரயில்) வரைபடத்தில் சிராங்கூன் என்ற பெயரைத் தேடி, அங்கே போய் இறங்கிவிடுவார். அந்தக் கோயிலுக்கு இறங்க வேண்டிய இடம் லிட்டில் இந்தியா. வடகிழக்குப் பாதையில் அதன் நிலைய எண் NE7, சிராங்கூனின் எண் NE12. ஃபேரர் பார்க், ஃபேரர் ரோடு இரண்டும் இதே மாதிரிதான். பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஆனால் இரண்டும் வேறு வேறு பாதைகளில் தள்ளித் தள்ளி இருக்கின்றன. ஏறுவதற்கு முன் நிலையத்தின் பெயரை முழுசாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் உச்சரிப்பு. பெரும்பாலான குழப்பத்துக்குக் காரணம், இந்தப் பெயர்களை நாம் ஆங்கில எழுத்து வழியாக வாசிப்பதுதான். இவற்றில் நிறைய பெயர்கள் மலாயிலிருந்தும், ஹொக்கியன், தியோச்சூ ஆகிய சீனக் கிளைமொழிகளிலிருந்தும் வந்தவை. ஆங்கிலத்தில் ‘டி’ எழுத்தைப் பார்த்ததும் நாக்கு தானாக ‘ட’வுக்குப் போகிறது. மலாய்க்காரர்கள் அங்கே சொல்வது நம்முடைய ‘த’. அதனால்தான் தமிழில் தெம்பனிஸ், தஞ்சோங் பகார், போத்தோங் பாசிர், தோ பாயோ என்று எழுதுகிறோம். டாம்பைன்ஸ், டோவா பயோ என்றெல்லாம் சொன்னால் பக்கத்தில் நிற்பவருக்கே புரியாது. எம்ஆர்டி நிலையப் பெயர்ப் பலகைகளில் தமிழும் இருக்கிறது. அதைப் படித்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

பாதிதான். பகார், பாசிர், பொங்கோல் இவற்றில் வருவது ‘பழம்’ என்பதில் உள்ள ப. புக்கிட், பிடோக், பூன் லே இவற்றில் வருவது ‘பந்து’ என்று பேச்சில் சொல்லும்போது வரும் ப. தமிழ் எழுத்து இந்த வேறுபாட்டைக் காட்டாது, காதால் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். இன்னொரு பழக்கத்தையும் விட வேண்டும்: கடைசி மெய்யெழுத்தோடு ஓர் உகரத்தை ஒட்டுவது. பிடோக்கு, புக்கிட்டு, பாசிர் ரிஸ்ஸு என்று நீட்டுகிறோம். மலாயில் பிடோக்கின் கடைசி ‘க்’ தொண்டையிலேயே வெட்டுப்பட்டு நின்றுவிடும். அதை அப்படியே நிறுத்துங்கள்.

ஜாலான் என்றாலே சாலைதான், எனவே ‘ஜாலான் புசார் ரோடு’ வேண்டாம்.

தமிழர்கள் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளும் பெயர், லிட்டில் இந்தியாவில் சந்தை இருக்கும் தேக்கா. ஏதோ தேக்குமரம் இருந்த இடம் என்று பலர் நம்புகிறார்கள். அது ஹொக்கியன் பெயர், மூங்கிலடி என்று பொருள். 1982இல் இங்கே புதுச் சந்தைக் கட்டடம் வந்தபோது அதே பெயரின் மாண்டரின் வடிவமான ‘ஜூஜியாவ்’ என்பதைச் சூட்டினார்கள். தமிழருக்கும் மலாய்க்காரருக்கும் அது வாயில் நுழையவில்லை. ஹொக்கியன் பேசும் சீனர்களுக்கே அந்நியமாகப் பட்டது. மீன் வாங்கப் போனவர்கள் எல்லாரும் தேக்கா என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் 2000ஆம் ஆண்டு அதிகாரபூர்வமாகவே தேக்கா நிலையம் என்று மாற்றப்பட்டது. சந்தைக்கு வரும் மக்களின் நாக்கு ஜெயித்ததில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஒரு சீனப் பெயரைக் காப்பாற்றியதில் நம் ஆட்களுக்கும் பங்கு உண்டு என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

எல்லா இடத்திலும் அப்படி நடக்கவில்லை. ரப்பர், அன்னாசித் தொழிலில் பெரும்புள்ளியாக இருந்த லிம் நீ சூன் பெயரில் இருந்த வட்டாரம், மாண்டரின் வழியாக யீஷூன் நகரமானது. ஆனால் நீ சூன் முகாம், நீ சூன் தொகுதி என்று பழைய பெயரும் உயிரோடு இருக்கிறது. இரண்டையும் தொடர்பில்லாத இரண்டு பெயர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஹவ்காங்கும் இப்படித்தான், பழைய ஆட்கள் வாயில் அது ‘ஆவ் காங்’.

சிரிப்பு வரவழைக்கும் பெயர்களைப் பொருள் தெரியாமல் கேலி செய்வதும் தவிர்க்க வேண்டியதே. பிராஸ் பாசா என்பதைப் பித்தளையோடும் உள்ளாடையோடும் முடிச்சுப் போட்டுச் சிரிப்பவர்களைப் பார்க்கலாம். மலாயில் ‘பெராஸ் பாசா’ என்றால் ஈர அரிசி. கேகே மருத்துவமனையின் பழைய முழுப் பெயரில் இருந்த ‘கண்டாங் கெர்பாவ்’ என்பதற்கு எருமைத் தொழுவம் என்று பொருள். அந்தப் பக்கம் ஒரு காலத்தில் மாட்டுத் தொழில் கொடிகட்டிப் பறந்தது, அதில் தமிழர்களும் இருந்தார்கள். 1966இல் மட்டும் அந்த மருத்துவமனையில் 39,835 குழந்தைகள் பிறந்தன, உலக சாதனை! பெயரைக் கேட்டு முகம் சுளிப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வது.

செந்தோசா மட்டும் நாம் யூகிப்பது போலவே நம் ‘சந்தோஷம்’ வந்த அதே சமஸ்கிருத வேரிலிருந்து வந்தது. அதற்கு முன் அந்தத் தீவின் பெயர் பூலாவ் பிளாக்காங் மாத்தி, ‘மாத்தி’ என்றால் சாவு. ஆனால் அங் மோ கியோவுக்குப் பொருள் கேட்டால் அடித்துச் சொல்லாதீர்கள். வெள்ளைக்காரர் பாலம் என்பார்கள், தக்காளி என்றும் சொல்வார்கள். எதுவும் முடிவானதல்ல.

டாக்சியில் எவ்வளவு சொல்லியும் ஓட்டுநருக்குப் புரியவில்லையா? சரி, அந்தக் கட்டடத்தின் 6 இலக்க அஞ்சல் குறியீட்டைச் சொல்லுங்கள். இறங்கும்போது அவர் அந்தப் பெயரை எப்படிச் சொல்கிறார் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.